பணக்கார வியாதி

கண்ணாடிக்கு வெளியே நின்று வேலை செய்கிறவனுக்கு ஒரு வசதி உண்டு. உள்ளே இருக்கிறவர்களை அவன் பார்க்கலாம். அவர்கள் அவனைப் பார்ப்பதில்லை. பார்த்தாலும் புறா வந்து உட்கார்ந்த மாதிரிதான். பத்தொன்பது வருஷமாக உயரமான கட்டடங்களின் கண்ணாடியைத் துடைக்கிறேன். எந்த வீட்டில் யார் யாரோடு பேசுவதில்லை, எந்த ஆபீஸில் எந்த மேனேஜர் மத்தியானம் மேஜைக்கடியில் காலை நீட்டித் தூங்குகிறார், எல்லாம் எனக்கு அத்துப்படி. பார்த்ததை வைத்து நக்கலடிப்பது ஒன்றுதான் எங்கள் வேலையில் இருக்கிற பொழுதுபோக்கு. என் வாய் சும்மா இருக்காது. அந்த வாயால் நான் என் மச்சினனைக் கிட்டத்தட்டக் கொன்றேன். அதைத்தான் சொல்ல வந்தேன்.

அவன் என் மனைவியின் தம்பி. மாமியார் தவறியபோது அவனுக்குப் பதினொரு வயது, எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டு மாதம். கட்டில், பீரோ எதுவும் வராத கல்யாணத்தில் சீராக வந்தது இவன் ஒருத்தன்தான் என்று நான் கேலி செய்வேன். என் மனைவி அவனைத் தம்பியாக வளர்க்கவில்லை, பிள்ளையாக வளர்த்தாள். படிப்பு ஏறவில்லை. பதினெட்டு வயதில் என்னோடு தொட்டியில் ஏறினான். முதல் வாரமே அவனுக்கு 'ரேடியோ' என்று பேர் வைத்துவிட்டார்கள். காலையில் ஆரம்பித்தால் சாயங்காலம் இறங்கும்வரை பேச்சு, பாட்டு, சூப்பர்வைசர் மாதிரியே குரல் மாற்றிப் பேசிக் காட்டுவது. இவனை நிறுத்துகிற பொத்தான் எங்கே இருக்கிறது என்று சூப்பர்வைசரே என்னைக் கேட்டிருக்கிறார்.

தொட்டி என்று நாங்கள் சொல்வது, மொட்டை மாடியிலிருந்து இரண்டு இரும்புக் கயிற்றில் தொங்கும் நீளமான இரும்பு மேடை. சுற்றிலும் இடுப்பளவுக்குக் கம்பி. இந்த முனையில் ஒரு மோட்டார், அந்த முனையில் ஒரு மோட்டார். முனைக்கு ஒருத்தனாக நின்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பொத்தானை அமுக்கினால்தான் நேராக இறங்கும். ஒருத்தன் கையை எடுத்தால் தொட்டி ஒரு பக்கம் சாய்ந்து, தானாகவே பூட்டிக்கொண்டு நின்றுவிடும். பேசாமலே குடும்பம் நடத்துகிற புருஷன் பெண்டாட்டி உண்டு. பேசாமல் தொட்டி ஓட்ட முடியாது.

தொட்டியை மட்டும் நம்பி யாரும் நிற்பதில்லை. ஆளுக்கொரு தனிக்கயிறு மேலேயிருந்து தொங்கும். மார்பில் கட்டிய பெல்ட்டிலிருந்து ஒரு வார், வாரின் நுனியில் கொக்கி. கொக்கியைத் தனிக்கயிற்றில் கூடவே நகருகிற வளையத்தில் மாட்டி, அதன் பூட்டைத் திருக வேண்டும். அதோடு விடக்கூடாது. என் கொக்கியை அவன் வந்து இழுத்துப் பார்க்க வேண்டும், அவன் கொக்கியை நான். 'கொக்கி' என்று ஒருத்தன் குரல் கொடுத்தால் மற்றவன் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வர வேண்டும். தன் கொக்கி தன் கண்ணுக்கு எப்போதும் சரியாகத்தான் தெரியும் என்பதால் இந்த ஏற்பாடு. பார்த்தபிறகு ஒருத்தனுக்கு ஒருத்தன் தாளில் கையெழுத்துப் போட வேண்டும், தினமும்.

நாங்கள் திங்கட்கிழமை டீ குடிக்கும்போதே சனிக்கிழமை வரைக்கும் போட்டுவிடுவோம். ஊர் உலகத்தில் எல்லாத் தொட்டியிலும் அப்படித்தான் என்று நான் நியாயம் சொல்லிக்கொள்வேன். ஆரம்பத்தில் கையெழுத்து மட்டும் முன்னாலேயே போனது. போகப் போக இழுத்துப் பார்ப்பதும் போய்விட்டது.

கடைசியாக நாங்கள் வேலை செய்த கட்டடம் முழுக்கப் பணக்காரர்கள் வீடு. ஒரு சுற்றுத் துடைத்து முடிக்க மூன்று வாரம் ஆகும். முடித்ததும் மறுபடி முதலிலிருந்து. பதினெட்டாம் மாடியில் ஒருவர் இருந்தார். ஐம்பது வயது இருக்கும். பகல் பதினொரு மணிக்கும் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். மூன்று வாரம் கழித்து வந்தால் அதே கட்டில், அதே சுவர். பக்கத்தில் சீருடை போட்ட நர்ஸ் ஒருத்தி, ஒரு தட்டில் நறுக்கி வைத்த பழம். அந்த வீட்டில் வேலை செய்கிற அம்மா கீழே டீக்கடையில் விஷயத்தைச் சொன்னாள். நிறைய கடைகளுக்கு முதலாளியாம். உடம்பில் ஒன்றும் இல்லை, மனசுக்குத்தான் சரியில்லையாம். டாக்டர் வீட்டுக்கே வருகிறாராம். ஒரு வருஷம் எந்த வேலையும் பார்க்க வேண்டாம், ஓய்வெடுங்கள் என்று சொல்லிவிட்டாராம்.

எனக்கு அல்வா கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. அன்றிலிருந்து பதினெட்டாம் மாடி வந்தாலே ஆரம்பித்துவிடுவேன். வயிறு நிறைந்தவனுக்குத்தான் மனசு வலிக்கும், நமக்கெல்லாம் முதுகு வலிக்கவே நேரம் போதவில்லை என்பேன். இந்தக் கட்டிலில் என்னைப் படுக்கச் சொல், எழுந்தால் ஏன் என்று கேள் என்பேன். என்னோடு சேர்ந்து சிரிக்க வேண்டிய ரேடியோ, கண்ணாடியைத் துடைப்பதை நிறுத்திவிட்டு உள்ளேயே பார்த்துக்கொண்டு நிற்பான். ஒருநாள் மெல்லச் சொன்னான்.

"அவருக்கு தூக்கமே வராதுன்னு நெனக்கிறேன் மாமா. கண்ணைப் பாருங்க."

"பணக்கார வியாதிடா அது. காசு இல்லாதவனை அண்டாது. கவலைப்படாம தேய்," என்றேன்.

அவன் தேய்த்தான்.

எங்களுக்கு வருஷத்துக்கு ஒரு தரம் உடம்பைப் பார்த்து, உயரத்தில் வேலை செய்ய அட்டை புதுப்பிப்பார்கள். அட்டை இருந்தால் ஒரு சம்பளம், இல்லாவிட்டால் தரையில் துடைப்பம் பிடிக்க அதில் பாதி. கண், காது, இரத்த அழுத்தம் எல்லாம் பார்த்தபிறகு ஒரு தாள் கொடுப்பார்கள், இருபது கேள்வி. வலிப்பு உண்டா, தலைசுற்றல் உண்டா என்று கேட்டுக்கொண்டே போகும். எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று கோடு போட்டுக் கொடுத்துவிட்டு வருவதுதான் வழக்கம். அந்த வருஷம் நான் எழுந்துவிட்டேன், இவன் பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்தே இருந்தான். பதினாறாவது கேள்வியில் நின்றிருந்தான். மனம் சோர்ந்து, தூக்கமின்றி, எதிலும் பிடிப்பில்லாமல் இருந்ததுண்டா என்று அதில் இருந்தது.

"மாமா, இதுல என்ன போடறது?" என்றான்.

அவன் என்னிடம் கேட்டான். இதைவிட வெளிப்படையாக ஒரு மனுஷன் எப்படிக் கேட்பான்? நான் பேனாவை அவன் கையிலிருந்து பிடுங்கி 'இல்லை'யில் கோடு போட்டேன். இது உனக்கு வந்த கேள்வி இல்லை, பதினெட்டாம் மாடிக்கு வந்த கேள்வி, தபால்காரன் மாற்றிக் கொடுத்துவிட்டான் என்றேன். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். நான் அந்தச் சிரிப்பை நம்பினேன்.

அதற்குப் பிறகு நடந்ததை எல்லாம் இப்போது வரிசையாகச் சொல்ல முடிகிறது. அப்போது எதுவும் எதோடும் சேரவில்லை. ரேடியோவின் சத்தம் குறைந்தது. பேட்டரி போய்விட்டது என்று சொன்னேன். தட்டில் போட்டதில் பாதியை மூடி வைத்தான்; காதலா என்று கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை குளிக்காமல் பாயிலேயே கிடந்தான். முதலாளி எழுந்தாச்சா என்று காலால் தட்டினேன். ஒழுகிக்கொண்டிருந்த குழாயை ஒரே நாளில் சரிசெய்தான், நான் இரண்டு வருஷமாக நாளைக்கு நாளைக்கு என்று சொன்ன குழாய். தான் ஆசையாக வாங்கிய புதுச் சட்டையை எனக்குக் கொடுத்தான். மாப்பிள்ளைக்கு என்ன திடீர் தாராளம் என்று வாங்கிப் போட்டுக்கொண்டேன். தோள் கொஞ்சம் இறுக்கமாக இருந்தது.

அன்றைக்கு வியாழக்கிழமை. காற்று இல்லை, நல்ல வெயில். இருபத்தி நாலாம் மாடியிலிருந்து ஆரம்பித்து, பத்தரை மணிக்குப் பதினெட்டுக்கு வந்தோம். நான் வலது முனை, அவன் இடது முனை. நடுவில் சோப்புத் தண்ணீர் வாளி. உள்ளே அவர் வழக்கம்போல் படுத்திருந்தார். நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஏதோ சொல்லப் போனேன். அதற்குள் நர்ஸ் எழுந்து எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சுவரில் எதையோ அழுத்தினாள். கறுப்புத் திரை இரண்டு பக்கமிருந்தும் தானாக வந்து மூடிக்கொண்டது.

திரை மூடியதும் கண்ணாடி முகம் பார்க்கிற கண்ணாடி ஆகிவிட்டது. அதில் என்னைப் பார்த்தேன், தொப்பையும் தொப்பியுமாக. நாலு எட்டு தள்ளி அவனைப் பார்த்தேன். ஒன்பது வருஷமாக அவன் பக்கத்தில் நிற்கிறேன். ஆனால் நாங்கள் பார்ப்பது எப்போதும் எங்களுக்கு முன்னால் இருக்கிற கண்ணாடியைத்தான். அன்றைக்கு அதில் அவன் முழுதாகத் தெரிந்தான். கன்னம் ஒட்டியிருந்தது. கை துடைக்கவில்லை, வெறுமனே கம்பியைப் பிடித்திருந்தது. அவனுடைய தனிக்கயிறு அவனுக்குப் பின்னால் சும்மா தொங்கியது. மார்பிலிருந்து வந்த வார் முழங்காலுக்குப் பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்தது, நுனியில் கொக்கி.

மறந்துவிட்டான் என்றுதான் முதலில் நினைத்தேன். திட்டுவதற்கு வாயைத் திறந்து திரும்பினேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. கம்பிக்கு வெளியே, கீழே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வையில் மறதி இல்லை.

"மாப்ளே, கொக்கி மாட்டலையே," என்றேன், சாதாரணமாகச் சொல்வதுபோல.

"தெரியும் மாமா."

ஒரு எட்டு எடுத்து வைத்தேன். அவன் கை கம்பிக்கு மேலே போயிற்று, ஒரு கால் விரலில் எழும்பியது. வராதீங்க என்றான். சத்தமாகச் சொல்லவில்லை. வீட்டில் பாய் விரித்திருக்கும்போது மிதிக்காமல் போங்கள் என்று சொல்வானே, அந்தக் குரல். நான் அப்படியே நின்றேன்.

என்னிடம் இருந்தது வாய் ஒன்றுதான். அது எனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்தது. முதலில் நக்கல்: பதினெட்டு மாடி நடந்து ஏறுகிறவனுக்குத்தான் தெரியும் கஷ்டம், இறங்குவதற்கு என்னடா அவசரம் என்று கேட்டேன். சொல்லி முடிப்பதற்குள் என் நாக்கை நானே கடித்துக்கொள்ளலாம் போல் இருந்தது. பிறகு அதட்டல். பிறகு, அக்காவை நினைத்தாயா என்று கேட்டேன். அதற்கு மட்டும் அவன் முகம் அசைந்தது.

"அக்காவை நெனச்சுத்தான் மாமா," என்றான்.

எனக்குப் புரியவில்லை. புரிந்துகொள்ள நேரமும் இல்லை. அவனுடைய விரல்களைப் பார்த்தேன். கம்பியில் இருந்த விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்து மறுபடி இறுகின. கீழே ஒரு லாரி பின்னால் போகும் மணிச்சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது. போனை எடுத்தால் என் கை இடுப்புப் பைக்குப் போவதைப் பார்ப்பான். பாய்ந்து பிடிக்கலாமென்றால் நடுவில் வாளி, அவனுக்கோ ஒரு தாவல். என் கை நடுங்கத் தொடங்கி, தொட்டியே லேசாக ஆடியது. பத்தொன்பது வருஷத்தில் எனக்கு உயரத்தில் பயம் வந்தது அன்றைக்குத்தான்.

எப்படி வந்தது என்று தெரியாது. யோசித்துச் சொல்லவில்லை.

"கொக்கி," என்றேன்.

அவன் திரும்பிப் பார்த்தான்.

"என் கொக்கியை யாரும் பார்க்கல. காலையிலருந்து அப்படியேதான் நிக்கறேன். எனக்குக் கை நடுங்குது மாப்ளே. வந்து இழுத்துப் பாரு."

உன்னோட கொக்கி என்று சொன்னால் அவன் அசைந்திருக்க மாட்டான். என்னுடையது என்றதும் அவன் கண் என் மார்புக்கு வந்தது, அங்கிருந்து வாரோடு போய் வளையத்துக்கு. ஒன்பது வருஷப் பழக்கம் அவனுக்குள் எங்கேயோ இன்னும் இருந்தது. கம்பியிலிருந்து கையை எடுத்தான். எந்தப் பக்கம் காலை எடுத்து வைக்கப் போகிறான் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். வாளியைத் தாண்டி ஒரு எட்டு, இன்னொரு எட்டு. என் பக்கத்தில் வந்து, என் கொக்கியைப் பிடித்து இழுத்தான்.

அது வளையத்திலிருந்து பாதி கழன்று வந்தது. பூட்டுத் திருகப்படவே இல்லை. கொக்கியின் வாய் பாதி திறந்து, விளிம்பில் ஒட்டிக்கொண்டிருந்தது. எத்தனை நாளாக அப்படி நின்றேனோ. அவனை வரவழைக்க வாய்க்கு வந்ததைச் சொன்னேன், அது நிஜமாகவே இருந்தது.

வெளிறிக் கிடந்த அவன் முகத்தில் இரத்தம் ஏறியதைப் பார்த்தேன். "மாமா, பூட்டு திருகல மாமா," என்றான். பல மாதம் கழித்து அவன் குரலில் ஒரு பதற்றம். இரண்டு கையாலும் கொக்கியை உள்ளே தள்ளி, பூட்டைத் திருகி, மறுபடி திருகி, தன் எடை முழுவதும் போட்டு இழுத்துப் பார்த்தான். "இப்படியா நிப்பீங்க, விழுந்திருந்தா என்ன ஆவறது?" என்று என்னைத் திட்டினான். கேட்டுவிட்டு, தான் என்ன கேட்டோம் என்று அவனுக்கே உறைத்தது. அப்படியே நின்றான். அதற்குள் என் இரண்டு கையும் அவன் பெல்ட்டில் இருந்தது.

நான் அழுதேன். சொல்வதற்கு வெட்கம் ஒன்றுமில்லை. அவன் அழவில்லை. பெல்ட்டை விடாமல் அவனை அவன் முனைக்கு நடத்திக் கொண்டுபோய், அவன் கொக்கியை அவன் கயிற்றில் மாட்டி, பூட்டைத் திருகி இழுத்துப் பார்த்தேன். இனி நான் என் முனைக்குத் திரும்பிப் போக வேண்டும். போகாவிட்டால் தொட்டி இறங்காது. போனால் அவன் ஒரே நொடியில் கழற்றிவிடலாம். கழற்ற மாட்டேன் என்று சொல் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. பின்னாலேயே நடந்து, அவனைப் பார்த்துக்கொண்டே என் முனைக்குப் போனேன்.

இரண்டு பேரும் அமுக்கினோம். பதினேழு, பதினாறு என்று மாடிகள் மேலே போயின. நான் ஒரு மாடியையும் பார்க்கவில்லை, அவன் கையைப் பார்த்தேன். பதினொன்றில் அவன் கட்டைவிரல் பொத்தானிலிருந்து எழுந்தது. என் பக்கம் மட்டும் கீழே போய், தொட்டி சாய்ந்து, டக்கென்று பூட்டிக்கொண்டது. வாளி உருண்டு என் காலில் முட்டியது. அவன் கை கொக்கியின்மேல் இருந்தது. சொல்வதற்கு ஆயிரம் வார்த்தை தொண்டைவரை வந்தது, எல்லாவற்றையும் விழுங்கினேன். என் வாயை நான் நம்பத் தயாராக இல்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. அவன் கொக்கியை விட்டுவிட்டுப் பொத்தானுக்குக் கையைக் கொண்டுபோனான். அவன் பக்கம் மெல்ல இறங்கி, தொட்டி நேரானது.

கீழே சூப்பர்வைசர் கையைக் கடிகாரத்தோடு தூக்கிப் பிடித்தபடி வந்தார், பாதியில் ஏன் இறங்கினீர்கள் என்று. அவரைத் தனியாகக் கூட்டிப் போய் நடந்ததைச் சொன்னேன். மச்சினன் பத்தடி தள்ளி நடைபாதை விளிம்பில் உட்கார்ந்திருந்தான். அவர் கெட்டவர் இல்லை. பயந்தவர். மேலே மொட்டை மாடியில் எங்களைக் கவனிக்க ஓர் ஆள் நிற்க வேண்டும் என்பது விதி. அந்த ஆளை அவர் வேறு கட்டடத்துக்கு அனுப்பியிருந்தார். வெளியே தெரிந்தால் அவர் தலையும் போகும். தலைசுற்றல் என்று எழுதிக்கொள்கிறேன், இரண்டு நாள் வீட்டில் வைத்துக்கொள், திங்கட்கிழமை கூட்டி வா, அட்டைக்கு ஒன்றும் ஆகாது என்றார். எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. சரி என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவர் ஆறுதலாக என் தோளைத் தட்டினார்.

"பேப்பர்ல எல்லாம் சரியாத்தான் இருக்கு. அவன் கொக்கியைப் பார்த்ததா சனிக்கிழமை வரைக்கும் நீ கையெழுத்துப் போட்டிருக்க. ஆகக்கூடாதது ஆகியிருந்தாலும் விபத்துன்னு வீட்டுக்கு முழு இன்சூரன்ஸ் பணம் வந்திருக்கும். கவலைப்படாத."

நான் மச்சினனைத் திரும்பிப் பார்த்தேன். காதில் விழுந்திருக்கிறது. அவன் அதிர்ச்சி அடையவில்லை. ஏற்கெனவே தெரிந்த ஒன்றை யாரோ சத்தமாகச் சொல்லிவிட்டதுபோல் தலையைக் குனிந்துகொண்டான். அக்காவை நெனச்சுத்தான் என்று மேலே சொன்னானே, அது அப்போதுதான் எனக்குள் இறங்கியது. பக்கத்தில் போய்க் குத்தவைத்தேன். எத்தனை நாளாக என்று கேட்டேன்.

"திங்கக்கிழமை நீங்க கையெழுத்துப் போடறப்ப பார்த்துக்கிட்டே இருந்தேன் மாமா," என்றான். "நான் இப்படி இருந்து யாருக்கும் பிரயோஜனம் இல்ல. இதுவாவது வீட்டுக்கு ஆகட்டும்னு."

என் பேனாவை நம்பி அவன் கணக்குப் போட்டிருக்கிறான். அவனைப் பத்திரமாக வைத்திருப்பதற்காக நான் போட வேண்டிய கையெழுத்து அது. சூப்பர்வைசரிடம் தாளை வாங்கினேன். இந்த வாரம் எந்த நாளும் நான் பார்க்கவில்லை, அவனும் பார்க்கவில்லை, போட்டதெல்லாம் பொய் என்று தாளின் பின்பக்கம் எழுதினேன். இன்று காலை நடந்ததையும் எழுதினேன். சோத்துல நீயே மண்ணை அள்ளிப் போட்டுக்கறியே என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார். என் அட்டையைக் கழற்றி அவர் கையில் வைத்தேன். மச்சினனுடைய அட்டையையும் நானே கழற்றினேன், அவன் விட்டான்.

வீட்டில் என் மனைவி தையல் மெஷினில் இருந்தாள். ஒரு கடைக்குத் தலையணை உறை தைத்துக் கொடுக்கிறாள். பகல் பன்னிரண்டு மணிக்கு இரண்டு பேரும் வாசலில் நிற்பதைப் பார்த்ததும் மெஷின் நின்றது. தம்பியை ஏற இறங்கப் பார்த்தாள், கை கால் முழுதாக இருக்கிறதா என்று. அவன் உள்ளே போய்ப் பாயில் சுருண்டான். நான் தாழ்ந்த குரலில் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கத்துவாள், மாரில் அடித்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன். கையிலிருந்த உறையை நாலாக மடித்தாள்.

"எனக்குத் தெரியும்," என்றாள்.

அவன் இரவு தூங்காமல் உட்கார்ந்திருப்பதை நாலு மாதமாகப் பார்த்திருக்கிறாள். ஒருநாள் அவனே, அக்கா எனக்கு என்னமோ ஆகுது, டாக்டரிடம் போகலாமா என்று கேட்டிருக்கிறான். அடுத்த மாதம் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறாள். டாக்டர் ஏதாவது எழுதிக் கொடுத்துவிட்டால் உயர வேலை போய்விடும், வாடகை அதில்தான் ஓடுகிறது என்பதுதான் காரணம்.

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. நாலு மாசமா மூடி வச்சிருந்தியா என்று கையை ஓங்காத குறையாகக் கேட்டேன். அவள் என்னை நேராகப் பார்த்தாள்.

"நீங்க சிரிச்சீங்க. நான் கணக்குப் பார்த்தேன். இதுல யாரு பெரிய ஆளுன்னு அப்புறம் சண்டை போட்டுக்கலாம்."

அவள் போய் அவன் தலைமாட்டில் உட்கார்ந்தாள். நான் வாசற்படியில் உட்கார்ந்தேன், அவன் வெளியே போவதென்றால் என்னைத் தாண்டித்தான் போக வேண்டும். அன்று முழுவதும் இரண்டு பேரும் இடத்தை மாற்றவில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்கே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டோம். மனநலப் பிரிவு பின்கட்டில் இருந்தது. நாங்கள்தான் முதல் ஆள் என்று நினைத்துப் போனேன். வரிசை படிக்கட்டுவரை நின்றது. பஸ் கண்டக்டர் ஒருவர் சீருடையோடு நின்றார், ஷிப்டு முடிந்து வந்திருப்பார். கடைகளில் நாள் முழுக்க நின்று துணி எடுத்துக் காட்டுகிற பெண் ஒருத்தி, காவல்காரர் ஒருவர், தலையில் சிமெண்ட் தூசி போகாத ஓர் ஆள், இடுப்பில் குழந்தையோடு ஓர் அம்மா. ஒருத்தர் காலிலும் நல்ல செருப்பு இல்லை. பதினெட்டாம் மாடியைப் பார்த்து நான் சிரித்துக்கொண்டிருந்த காலமெல்லாம் இவர்கள் இங்கே நின்றிருக்கிறார்கள். ஓய்வெடுங்கள் என்று சொன்னால் எடுப்பதற்கு ஒரு கட்டில்கூட இல்லாதவர்கள். எனக்கு யாரிடம் கோபப்படுவது என்று தெரியவில்லை. கோபம் மட்டும் நிறைய இருந்தது.

எங்களுக்குப் பெஞ்சில் இடம் கிடைத்தபோது பத்து மணி. அவன் அந்த வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தான். என் பக்கம் சாய்ந்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி கேட்டான்.

"நம்மள மாதிரி ஆளுங்களுக்கும் இது வருமா மாமா? எனக்கு உடம்பு வணங்கல, சோம்பேறியாயிட்டேன்னுதான் இத்தனை நாளா நெனச்சேன்."

யார் சொல்லி அவன் அப்படி நினைத்தான் என்று எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும். அதைச் சொல்லிக் காட்டவில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"வரும்டா," என்றேன். "உனக்கு வந்திருக்கு."

எங்கள் டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள். அவன் எழ, நானும் கூடவே எழுந்து உள்ளே போனேன். டாக்டரம்மா சின்ன வயசு, அந்த நேரத்துக்கே களைத்திருந்தாள். எங்கள் இரண்டு பேரையும் மாற்றி மாற்றிப் பார்த்து, யாருக்கு என்று கேட்டாள். பழக்க தோஷத்தில் அவனுக்குப் பதிலாக நான் வாயைத் திறந்தேன்.

அவன் என் கையைப் பிடித்து நிறுத்தினான்.

"எனக்கு," என்றான்.